மேல் வரிசை டப்பாக்கள்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி குரல் பதிவு போட்டிருந்தாள். அவளுடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாப் பாடங்களையும் அட்வான்ஸ்டாக எடுத்திருக்கிறாளாம். கூடவே உள்நாடு, வெளிநாடு என்று கண்ட கல்லூரிக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறாளாம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் மேலேயே தூங்கி விழுகிறாளாம். "நாமெல்லாம் எப்பிடிடி சமாளிச்சோம்?" என்று கேட்டிருந்தாள். பின்னால் அந்தப் பெண் இருமுகிற சத்தமும் கேட்டது. நீங்கள் எல்லோரும் கைகூப்புகிற படமும் பூங்கொத்தும் அனுப்பிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் அந்தக் கேள்வி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

சமாளித்தோமா? யார் சமாளித்தது? நான் சமாளித்ததாக எனக்கு நினைவில்லை. தூக்கம்தான் நினைவில் இருக்கிறது. தூங்கிய தூக்கம் இல்லை, தூங்காத தூக்கம். இப்போது மூட்டு வலிக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கும் பழகிவிட்டேன், ஆனாலும் பதினேழு வயதில் இருந்த அந்த அலுப்பு மாதிரி ஓர் அலுப்பு எனக்குப் பிறகு வந்ததே இல்லை. இரண்டு பிள்ளை பெற்றபோதுகூட வரவில்லை.

உங்களுக்கு நம் மலையூரில் ஏரிக்கு மேலே இருந்த பள்ளிக்கூடம் நினைவிருக்கும். அறுபது பிள்ளைகள் விடுதியில் இருந்தார்கள் என்றால், பஜாரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் தினம் ஏறிப் போகிறவர்கள் நாம் ஒரு கைப்பிடி. கட்டணச் சலுகையில் சேர்ந்தவர்கள். நம்மில் ஒருத்தி பூம்பாறை பஸ்ஸில் வருவாள். அவள் பையைத் திறந்தால் வகுப்பே பூண்டு மணக்கும். என் சட்டையில் தைல வாசனை. விடுதிப் பிள்ளைகள் நம்மைப் பார்த்து மூக்கைச் சுளித்ததில்லை, பாவம், நல்ல பிள்ளைகள். ஆனால் மழை பெய்தால் அவர்களுக்கு ஹீட்டர் அறை இருந்தது, நமக்கு ஈரச் சாக்ஸ் இருந்தது. அந்த ஈரச் சாக்ஸோடு நாள் முழுவதும் உட்கார்ந்து கால்விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். நான் படித்த பாடங்களை மறந்துவிட்டேன். அந்த அரிப்பை மறக்கவில்லை.

எங்கள் கடை பஜாரில் சரிவான இடத்தில் இருந்தது. வீட்டில் செய்த சாக்லேட், தைலம், மலைப்பூண்டு, ஏலக்காய், கம்பளிக் குல்லா. முன்னால் கடை, பின்னால் தகரம் வேய்ந்த சரக்கு அறை, மாடியில் வீடு. அத்தா கல்லாவில் உட்காருவார். அண்ணன் பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு கடையில் நின்றான். அம்மா பின்னால் சாக்லேட் கிண்டுவாள். காலையில் கோகோ, சாயங்காலம் பூண்டு, நடுவில் தைலம் என்று வாசனையை வைத்தே மணி சொல்லிவிடலாம்.

அந்தக் கடையின் மேல் வரிசையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சுவரின் உச்சியில் கூரையை ஒட்டி ஒரு பலகை. அதில் தகர டப்பாக்கள் நெருக்கி அடுக்கி இருக்கும். ரோஜாப்பூ, மான், படகு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். நடுவில் மயில் படம் போட்ட பெரிய நீல டப்பா. வெள்ளிக்கிழமை மதியம் அத்தாவும் அண்ணனும் தொழுகைக்குப் போனதும் பாதிக் கதவை அடைத்துவிட்டு அம்மா ஏணியைப் பிடித்துக்கொள்வாள், நான் ஏறி அவற்றைத் துடைப்பேன். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கினால் கை தானாக மேலே போய்விடும். அத்தனையும் காலி.

பஜாரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஆனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கடை ஆரம்பித்த புதிதில் அத்தாவிடம் சரக்கு கொஞ்சம்தான் இருந்ததாம். சுற்றுலா வந்தவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்களாம். "உள்ள வர்றவன் மொதல்ல மேலதான் பாப்பான். மேல நெறஞ்சு கெடந்தாத்தான் கீழ வாங்குவான்" என்பார் அத்தா. யாராவது மேலே கைகாட்டிக் கேட்டுவிட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. "அது ஆர்டர் சரக்குங்க. பெங்களூருக்குப் போகுது." எத்தனையோ வருஷமாக அந்த மயில் பெங்களூருக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பதினொன்றாவது முடிகிற சமயத்தில் பள்ளியில் கவுன்சிலர் மிஸ் அத்தாவை வரச் சொன்னார். எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்று சொல்வதுதான் அவர் வேலை. வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் தெரியாது, அத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்.

வெளிநாட்டில் ஒரு கல்லூரி இருக்கிறது, தேர்ந்தெடுக்கிற பிள்ளைக்கு விமான டிக்கெட் முதல் சாப்பாடு வரை எல்லாச் செலவையும் அவர்களே ஏற்பார்கள், உங்கள் மகளுக்கு அதற்கான மூளை இருக்கிறது என்றார் மிஸ். ஆனால் அங்கே ஓர் இடத்துக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. மதிப்பெண் மட்டும் போதாது, எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தாள் என்றும் பார்ப்பார்கள் என்றார். அட்வான்ஸ்டு என்றால் கல்லூரி முதல் வருஷப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது. சாதாரணமாக இரண்டு எடுப்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்று.

"மொத்தம் எத்தன இருக்காம்?" என்று அத்தா என்னிடம் கேட்டார்.

"அஞ்சுத்தா."

"அஞ்சையும் போடச் சொல்லு."

"அம்புட்டும் முடியாதுத்தா."

"பாப்பா, நீ உள்ள இருந்து பாக்குற. நான் வாசல்ல நின்னு பாக்குறேன். மேல காலியாக் கெடந்தா எவன் உள்ள வருவான்? சொல்லு மிஸ்கிட்ட."

சொன்னேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. இப்படி ஓர் அப்பாவா என்று அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கான தீர்ப்பை நானே மொழிபெயர்த்துவிட்டு வெளியே வந்தேன். சரிவில் இறங்கும்போது அத்தா அண்ணனுக்கும் எனக்கும் சூடான பன் வாங்கினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நினைத்தால் மிஸ்ஸும் ஒரு கடைதான் வைத்திருந்தார் என்று தோன்றுகிறது. அவருடைய அறைச் சுவரில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் சேர்ந்த கல்லூரிகளின் பெயர்களை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார். புதிதாக வருகிற பெற்றோர் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அன்று எனக்கு அது புரியவில்லை. அவர் சொல்வதும் அத்தா சொல்வதும் ஒன்றாக இருந்ததால் அதுதான் சரி என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது ஆரம்பித்ததும் மழைக்காலம் மாதிரி அது என்னைச் சூழ்ந்துகொண்டது. இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளாதாரம், உயிரியல். ஒவ்வொரு ஆசிரியரும் தம் பாடம் ஒன்றைத்தான் நான் படிக்கிறேன் என்ற நினைப்பில் வீட்டுப்பாடம் கொடுப்பார். வெள்ளனே எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணக்குப் போடுவேன். குளிரில் பால்பாயிண்ட் பேனா எழுதாது, முனையை வாய்க்கு அருகில் வைத்து ஊதி ஊதி எழுதுவேன். பள்ளிவிட்டு வந்ததும் கடை. பூஜை விடுமுறையில் வருகிற செகண்ட் சீசன் கூட்டத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன்.

ஒருநாள் ஓர் ஊரே திரண்ட மாதிரி கடையில் கூட்டம் நின்றது. சாக்லேட் டப்பாவைத் தூக்கி "இது எவ்வளவும்மா?" என்று ஒருவர் கேட்டார். நான் இயற்பியலில் புவியீர்ப்புக் கணக்கில் மூழ்கியிருந்தேன்.

"ஒன்பது புள்ளி எட்டு" என்றேன்.

அவர் பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். அத்தா பாய்ந்து வந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். "அய்யா, அது நாப்பது ரூவா டப்பாங்க. புள்ள படிச்சுப் படிச்சு மூள சூடாகிக் கெடக்கு." கூட்டம் சிரித்தது. அத்தாவும் சிரித்தார். அன்று ராத்திரி அம்மாவிடம் அதையே பெருமையாகச் சொன்னார்: "ஏவாரத்த மறந்து படிக்கிதுடி ஒம் மக."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தாள். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரை பாட்டிலில் வாங்கி வந்து காலையும் மாலையும் கொடுத்தாள். சுக்குக் காப்பி, பாதாம், ஆட்டுக்கால் சூப் எல்லாம் வந்தது. பிள்ளையின் முதுகில் ஏற்றிய மூட்டை கனம் என்று யாருக்கும் தோன்றவில்லை, பிள்ளைக்குத்தான் சத்து போதவில்லை என்று தோன்றியது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? பூம்பாறைக்காரி வீட்டில் அவளுக்குத் தினமும் பூண்டுப் பால் கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தண்டனை அனுபவித்தேன்.

ஐப்பசி மழையோடு விண்ணப்ப வேலையும் சேர்ந்துகொண்டது. மின்சாரம் வரும், போகும். பஜார் மூலையில் இருந்த பிரவுசிங் சென்டரில் வரிசையில் காத்திருந்து உட்கார்ந்தால், போன் லைன் கிர்ரென்று கத்திவிட்டு அறுந்துபோகும். திரும்பவும் முதலிலிருந்து எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். என் பெயரை எத்தனை தடவை அடித்தேனோ, கடைசியில் அது யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

அதோடு ஒரு கட்டுரை. உன்னைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தார்கள். நான் பாசியைப் பற்றி எழுதினேன். பள்ளிக்கு ஏறுகிற சரிவில் ஓர் உயரமான கல்சுவர் இருக்குமே, அந்தச் சுவர் முழுக்கப் பாசி. ஒன்பதாவதிலிருந்தே நான் அதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சை, கிட்டே போனால் விதவிதமான இனங்கள். மிஸ் படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். இதில் நீ எங்கே இருக்கிறாய், உன் போராட்டம் எங்கே, உன் ஏழ்மையைப் பற்றி எழுது என்றார்.

நாங்கள் ஏழை என்று எனக்கு அன்றுதான் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் கறி எடுக்கிற வீடு எங்களுடையது. இருந்தாலும் எழுதினேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கிற பெண், கடையில் மூட்டை தூக்குகிற தந்தை. மெழுகுவர்த்தி உண்மைதான், ஆனால் அந்த மின்வெட்டு ஏரிக்கரை ஓட்டல்களுக்கும் சேர்த்துத்தான். மிஸ் கண்கலங்கிப் பாராட்டினார். பாசி எழுதிய காகிதத்தை அடுப்பு பற்றவைக்க அம்மா எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சுவரை அப்புறம் நான் நின்று பார்க்கவே இல்லை. நேரமில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெரசா ஏறுவேன், வெரசா இறங்குவேன். எந்தப் பாடத்துக்காக மற்ற எல்லாவற்றையும் சுமந்தேனோ, அந்தப் பாடமே கைநழுவிக்கொண்டிருந்தது. உயிரியல் வகுப்பில் முதல் முறையாக மதிப்பெண் குறைந்தபோது நான் அழக்கூட இல்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"இயற்பியல மட்டும் விட்டுடுறேன்த்தா" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். பாடத்தை விட வேண்டும் என்றால் பெற்றவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். அத்தா பூண்டு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்ச நாளுதானே பாப்பா. சீசன் முடியிற வரைக்கும் யாராவது சரக்க எறக்குவாங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அந்தப் பெரிய கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு ஆள் வரப்போவதாகக் கார்த்திகையில் தகவல் வந்தது. அங்கே படித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். விண்ணப்பித்த பிள்ளை எந்த ஊரோ அந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்த்துப் பேசி எழுதி அனுப்புவார். என்னைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா வருவதாக ஏற்பாடு. பள்ளி நூலகத்தில் மதியம் சந்திப்பு. மிஸ் என்னை உட்காரவைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒப்பிக்கவைத்தார். ஐந்து பாடங்களும் ஒன்றையொன்று எப்படி வளப்படுத்துகின்றன என்று ஒரு பதில் இருந்தது. அதை நான் தண்ணீர்பட்ட பாடாக வைத்திருந்தேன்.

அன்று பார்த்து மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. நூலகத்தில் காத்திருந்து காத்திருந்து பள்ளியும் விட்டாகிவிட்டது. இனி வரமாட்டார் போல, நீ வீட்டுக்குப் போ என்று மிஸ் அனுப்பிவிட்டார். நான் கிளம்பிய பிறகு அந்த அம்மா கீழே செக்போஸ்டிலிருந்து பள்ளிக்குப் போன் செய்திருக்கிறார். நேராக பஜாரில் கடைக்கே போய்விடுங்கள் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். எங்கள் கடை போன் மழையில் செத்துக் கிடந்ததால் அத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது.

நான் நனைந்து கடைவாசலில் ஏறியபோது உள்ளே ஒரு பெண்மணி நின்றிருந்தார். பருத்திச் சேலை, மேலே சால்வை. வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. யாரோ சுற்றுலா வந்தவர் என்று நினைத்தேன். அத்தாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்புத் தொட்டுக் கையில் கொடுத்திருந்தார். அந்த அம்மா அதை முகர்ந்துகொண்டே மேலே பார்த்தார்.

"அந்த மயில் டப்பாவ எடுங்களேன், பார்ப்போம்."

"அது ஆர்டர் சரக்குங்க. பெங்களூருக்குப் போகுது" என்றார் அத்தா.

"அடடா. சரி, நான் ஒரு பொண்ணப் பார்க்க வந்தேன்" என்று அவர் என் முழுப் பெயரையும் சொன்னார்.

அத்தாவின் கை தானாகத் தோள் துண்டை எடுத்துக் கல்லாவைத் துடைத்தது. "ஏலே, ஸ்டூலப் போடுறா!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினார். சரக்கு அறையில், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில், அம்மாவின் கரி அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்கள். மின்சாரம் இல்லை. தகரக் கூரையில் மழை. கடைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரை மட்டும்தான். அதற்கு அந்தப் பக்கம் அத்தா மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது.

அந்த அம்மா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நானும் ஒப்பித்தவற்றை ஒப்பித்தேன். அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கொட்டாவி, வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் பேனாவை மூடினார். "நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சும்மா?"

"தெரியலைங்க."

"தமிழ்லயே பேசுவோம். அஞ்சு பாடம் எடுத்திருக்க. அஞ்சும் புடிச்சுத்தான் எடுத்தியா?"

ஒன்றையொன்று வளப்படுத்துகிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று தேடினேன், கிடைக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கையில் அகப்பட்டதைச் சொன்னேன்.

"உயிரியல் மட்டுந்தாங்க. மத்ததெல்லாம் மேல் வரிச டப்பா."

"அப்பிடின்னா?"

"காலி டப்பாங்க. பாக்குறவங்களுக்காக மேல அடுக்கி வெச்சிருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அந்த அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பித் திரையின் இடுக்கு வழியே கடையின் உச்சியைப் பார்த்தார். அடுப்பருகில் அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. பஜாரில் பிறந்த எந்தப் பிள்ளையும் செய்யாததை நான் செய்திருந்தேன். அதுவும் எனக்கு இடம் வாங்கித் தரவேண்டியவரிடமே.

அவர் சிரிக்கவில்லை. "சரி, உயிரியல்ல என்ன?" என்று கேட்டார்.

பாசியைப் பற்றிச் சொன்னேன். கோடையில் அது செத்த மாதிரி காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், ஒரு கை தண்ணீர் தெளித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை விரித்துப் பச்சையாகிவிடும், அப்படியானால் அது செத்தும் போகவில்லை, உயிரோடும் இல்லை, நடுவில் எங்கே இருந்தது என்று கேட்டேன். பதில் சொல்ல வேண்டியவள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கொடுத்த சுக்குக் காப்பி இருவர் கையிலும் ஆறிப்போனது.

கிளம்பும்போது அவர் கால் கிலோ மலைப்பூண்டு வாங்கினார். அத்தா தாராளமாக நிறுத்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. படியிறங்கப் போன அந்த அம்மா நின்று திரும்பினார். "அந்த மயில் டப்பா ரொம்ப அழகா இருக்குங்க. வெறும் டப்பாவாக் குடுத்தாலும் வாங்கிக்குவேன்."

அத்தா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அது ஆர்டர் சரக்குங்க."

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "கடைய இப்பிடிக் காட்டிக் குடுத்துட்டியேடி. அந்தம்மா என்னத்த எழுதுமோ." அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அத்தா கல்லாவைப் பூட்டிவிட்டு நேரே மாடிக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் பைக்கட்டை எடுத்தபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நட" என்றார். மஞ்சு இறங்கியிருந்தது, அவர் முன்னால் நடப்பது பாதிதான் தெரிந்தது. கல்சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, கையை நீட்டிச் சுவரைத் தடவினார்.

"இதானா?"

"ஆமாத்தா."

"இத்தன வருசமா இந்த வழியாத்தான் போறேன்" என்றார். விரலில் ஒட்டிய ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

மிஸ் அறையில் அவர் உட்காரவில்லை. "ரெண்ட எறக்கிரச் சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். மிஸ் பதறிவிட்டார். வருஷத்தின் நடுவில் பாடத்தை விட்டால் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிக்கும் தெரிவித்தாக வேண்டும், அந்தப் பெரிய கல்லூரி இதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளாது, கை நழுவிவிடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

அத்தா சுவரில் ஒட்டியிருந்த கல்லூரிப் பெயர்களைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. "தெரிவிக்கட்டும்" என்றார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து நேராகத் தமிழிலேயே சொன்னார்: "கடைக்கு ஆகும் மிஸ். புள்ளைக்கு ஆகாது."

மிஸ் என்னைப் பார்த்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. முடியவில்லை.

இயற்பியலும் பொருளாதாரமும் போயின. அதனால் உடனே தூக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்புக்கு மறந்துபோயிருந்தது. படுத்தால் கண் திறந்தே கிடக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் பஜாரைத் தாண்டி இறங்குவார்கள் இல்லையா, அவர்களின் வீங்கிய காலைப் பார்த்தால் எனக்கு என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அவர்களுக்காவது போய்ச் சேருகிற இடம் எது என்று தெரியும். உயிரியலில் மதிப்பெண் மெல்ல ஏறியது. சுவரருகே மறுபடி நிற்க ஆரம்பித்தேன், சில நாள் நின்றுகொண்டே தூங்கவும் செய்தேன்.

அந்தப் பெரிய கல்லூரியின் பதில் வந்தது கோடை சீசன் தொடங்கின பிறகு. பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். மரியாதையான ஆங்கிலத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். விட்ட பாடங்களாலா, கொட்டாவியாலா, அந்த அம்மா எழுதியதாலா, எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் நல்லவிதமாகத்தான் எழுதியிருப்பார் என்று நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியலுக்கு இடம் கிடைத்து அங்கே போனேன். அன்று அதெல்லாம் தெரியாது. அத்தா ஆசைப்பட்டதை நானே வாய் தவறிக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு கடைக்குத் திரும்பினேன்.

கடையில் கால் வைக்க இடமில்லை. திருச்சியோ சேலமோ, ஒரு பஸ் கூட்டமே உள்ளே நின்றது. அத்தா கூட்டத்துக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறாங்க?"

"இடம் இல்லையாம்த்தா."

அவர் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் மேலே கைகாட்டி, "அந்த மயில் டப்பா என்ன விலைங்க?" என்று கேட்டார். அண்ணன் வழக்கமான பதிலுக்காக வாயைத் திறந்துவிட்டான். அத்தா அவனைக் கையமர்த்தினார். மேல் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது காலி டப்பாங்க" என்றார். "மேல இருக்கிறது எல்லாமே காலிதான். கீழ இருக்கிறதப் பாருங்க. அது நெசம்."

பஜாரில் அப்படிச் சொன்ன முதல் கடைக்காரர் அவராகத்தான் இருப்பார். அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கீழே இருந்ததில் இரண்டு டப்பா வாங்கினார். கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை.

"ஆள் பத்தலைத்தா, நான் நிக்கவா?" என்று கேட்டேன்.

"நீ போயிப் படு பாப்பா" என்றார்.

சரக்கு அறையில் பூண்டு மூட்டைகளின் மேல் சாய்ந்தேன். வெளியே விலை கேட்கிற சத்தம், சில்லறைச் சத்தம், அண்ணன் கத்துகிற சத்தம். அம்மா ஒரு தடவை வந்து கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனது தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கடை அடைத்திருந்தார்கள். சீசன் கூட்டத்தில், ஆளுக்குத் தவித்த நாளில், என்னை யாரும் எழுப்பவில்லை.

குரல் பதிவு போட்டவளே, எப்படிச் சமாளித்தோம் என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று ராத்திரியும் உன் மகள் தட்டின் மேல் தூங்கி விழுந்தால், தட்டை மட்டும் மெதுவாக எடுத்துவிடு. அவளை எழுப்பாதே.